ஆங்கிலத்தில் எந்தச் சொல்லை விடலாம், எதை விடக்கூடாது? மலையகப் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் நான் நடத்தும் மாலை வகுப்புக்கு ஒரு நாள் ஓர் அம்மா வந்து வாசலிலேயே நின்றார். மடுவத்தில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே வந்திருக்கிறார். இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாள் கையில் இருந்தது.

"டீச்சர், மகன் எழுதின கடிதம். ஆபிஸ்ல திருப்பிக் குடுத்துட்டாங்க. யார் சொன்னது, யார் வந்ததுன்னு ஒன்னும் விளங்கலையாம். என்னா பிழைன்னு பாத்துச் சொல்லுங்க."

"உள்ள வந்து உக்காருங்க அக்கா" என்று தாளை வாங்கிப் பார்த்தேன். தரம் 11 படிக்கிற பிள்ளையின் கையெழுத்து, அழகாகத்தான் இருந்தது. நான்கே வரி:

"டோல்ட் லாஸ்ட் மன்த். கேம் அண்ட் லுக்ட். ஸ்டில் நாட் டன். வென் ரெய்ன் கம்ஸ், ஃபால்ஸ் ஆன் த பெட்."

அந்தப் பிள்ளையின் மனதில் ஓடிய தமிழ் எனக்கு அப்படியே கேட்டது. "போன மாசம் சொன்னோம். வந்து பாத்துட்டுப் போனாங்க. இன்னும் செய்யல. மழை பேஞ்சா கட்டில் மேல ஊத்துது." இதில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாரிடம் சொன்னாலும் முழுதாக விளங்கும். சொன்னது யார் என்பதை 'சொன்னோம்' என்பதன் 'ஓம்' சொல்லிவிடுகிறது. வந்தது யார் என்பதை 'போனாங்க' என்பதன் வால் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தின் 'டோல்ட்' என்பதற்கு அப்படி ஒரு வால் கிடையாது. நான் சொன்னாலும், நீ சொன்னாலும், ஊரே திரண்டு சொன்னாலும் அது 'டோல்ட்' தான். வாலில்லாத வினையிலிருந்து எழுவாயையும் எடுத்துவிட்டால் ஆளை எங்கே தேடுவது?

அன்றிலிருந்து இந்தப் பாடத்தைத் தனியாக எடுத்து நடத்துகிறேன். அதை முழுதாக இங்கே எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். இரண்டும் செய்தால்தான் பாடம் கைக்கு வரும்.

நாம் சொல்லை விடத் தெரியாதவர்கள் இல்லை

தமிழ்ப் பாடத்தில் 'தோன்றா எழுவாய்' படித்திருப்பீர்கள். 'கொழுந்து பறித்தாள்' என்றால் 'கொழுந்தை' என்பதன் 'ஐ' மறைந்து நிற்கிறது, அது இரண்டாம் வேற்றுமைத்தொகை என்றும் படித்திருப்பீர்கள். மறைத்துச் சொல்வதற்கு இத்தனை பெயர் வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஆங்கிலத்திலும் அந்த வழக்கம் உண்டு. அதை 'எலிப்சிஸ்' என்பார்கள். 'விட்டுப்போதல்' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

இரண்டு மொழிக்கும் உள்ள வித்தியாசத்தை வகுப்பில் இப்படித்தான் சொல்கிறேன்: ஆங்கிலத்தில் ஒரு சொல்லை விட வேண்டுமென்றால் அதற்காகப் பேச ஒரு சாட்சி அந்த வாக்கியத்தில் நிற்க வேண்டும். தமிழில் அந்தச் சாட்சி பெரும்பாலும் வினையின் வாலிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அது தனிச் சொல்லாக நிற்கும். 'கேன்', 'டூ', 'ஹேவ்', 'டு', 'ஒன்', 'மைன்' மாதிரியான சின்னச் சொற்கள்தான் அந்தச் சாட்சிகள். எந்த இடத்தில் எது சாட்சி என்று தெரிந்துகொள்வதுதான் இந்தப் பாடம் முழுவதும்.

முதல் படி: எதையும் விடாமல் எழுதுங்கள்

சுருக்குவது பிறகு. முதலில் ஒவ்வொரு வினைக்கும் முன்னால் விரலை வைத்து "யார்?" என்று கேளுங்கள். வினைக்குப் பின்னால் விரலை வைத்து "எதை?" என்று கேளுங்கள். பதில் தாளில் இல்லையென்றால் எழுதுங்கள். அந்த மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்து இப்படித்தான் எழுதவைத்தேன்:

"வி டோல்ட் த ஆபிஸ் லாஸ்ட் மன்த் தட் அவர் ரூஃப் வாஸ் லீக்கிங். வென் இட் ரெய்ன்ஸ், வாட்டர் ஃபால்ஸ் ஆன் த பெட். எ மேன் கேம் அண்ட் த மேன் லுக்ட் அட் த ரூஃப். த ரூஃப் ஹேஸ் நாட் பீன் ரிப்பேர்ட் யெட். வென் இட் ரெய்ன்ஸ், வாட்டர் ஃபால்ஸ் ஆன் த பெட். அவர் நெய்பர்ஸ் ரூஃப் ஹேஸ் பீன் ரிப்பேர்ட்."

நீளம்தான், சொன்னதையே சொல்கிறதுதான். ஆனால் இப்போது யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இங்கே நம் பிள்ளைகள் அதிகம் தவறவிடுவது எழுவாயைவிடச் செயப்படுபொருளைத்தான். தமிழில் "வாங்கிட்டேன்", "பிடிக்கும்", "கொண்டு வந்தியா?" என்றால் போதும். எதை என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆங்கிலத்தில் "ஐ பாட்", "ஐ லைக்", "டிட் யூ பிரிங்?" என்று நிறுத்தினால் கேட்பவர் மிச்சத்துக்குக் காத்திருப்பார். "ஐ பாட் இட்", "ஐ லைக் இட்", "டிட் யூ பிரிங் இட்?" என்று முடிக்க வேண்டும். 'பை', 'லைக்', 'பிரிங்', 'வான்ட்', 'டேக்', 'புட்' என்ற ஆறையும் கொப்பியின் அட்டையில் எழுதி, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு 'இட்' போட்டு ஒட்டிவையுங்கள். பொருள் பன்மையானால் அந்த இடத்தில் 'தெம்' வரும்.

மழையும் அப்படித்தான். 'வென் ரெய்ன்ஸ்' என்பது நிற்காது, 'வென் இட் ரெய்ன்ஸ்' என்றே வர வேண்டும். அந்த 'இட்' எந்தப் பொருளையும் குறிக்கவில்லை. ஆங்கில வாக்கியத்தில் எழுவாயின் நாற்காலி காலியாக இருக்கக்கூடாது என்பதற்காக உட்காரவைத்த சொல் அது.

இரண்டாம் படி: 'அண்ட்' சேர்க்கும் இடத்தில் இரண்டாவதை விடுங்கள்

முழுதாக எழுதியாயிற்று. இனிச் சுருக்கலாம். 'அண்ட்', 'பட்', 'ஓர்' என்ற மூன்றும் சேர்க்கும் இரண்டு வினைக்கும் ஆள் ஒருவரே என்றால், இரண்டாவது முறை ஆளைச் சொல்ல வேண்டியதில்லை.

"மை மதர் கெட்ஸ் அப் அட் ஃபோர், குக்ஸ் த ரைஸ் அண்ட் கோஸ் டு வொர்க்." எழுவாய் ஒருமுறைதான் வந்தது, மூன்று வினைக்கும் அவரே ஆள். துணைவினையும் இப்படிப் பங்குக்கு வரும்: "த லீவ்ஸ் ஆர் வெய்ட் அண்ட் சென்ட் டு த ஃபேக்டரி." 'ஆர்' ஒன்றே இரண்டுக்கும் போதும்.

இங்கே ஒரு வேலி இருக்கிறது. இந்த உரிமை 'பிகாஸ்', 'வென்', 'இஃப்', 'ஸோ' ஆகியவற்றுக்குக் கிடையாது. "காய்ச்சலா இருந்துச்சு, அதனால பள்ளிக்கூடம் போகல" என்ற நினைப்பில் பிள்ளைகள் எழுதுவது: "ஐ டிட் நாட் கோ டு ஸ்கூல் பிகாஸ் வாஸ் சிக்." இது பிழை. "பிகாஸ் ஐ வாஸ் சிக்" என்று ஆளை மறுபடி சொல்லியே ஆக வேண்டும். அதே செய்தியை 'அண்ட்' வைத்துச் சொன்னால் விடலாம்: "ஐ வாஸ் சிக் அண்ட் டிட் நாட் கோ டு ஸ்கூல்." லீவுக் கடிதங்களில் நான் திருத்துகிற பிழைகளில் முதலிடம் இந்த 'பிகாஸ் வாஸ்' என்பதற்குத்தான்.

அடுத்தது வினையையே விடுவது. இதை நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இங்கே திசையே மாறுகிறது. "அக்கா பதுளைக்கும் தம்பி கண்டிக்கும் போனாங்க." தமிழில் வினை கடைசியில் வருவதால் முதல் பாதியில் வினை இல்லாமல் ஓடி, கடைசியில் ஒருமுறை சொல்லி முடிக்கிறோம். ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடுவதால், முதல் பாதியில் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியில்தான் விட வேண்டும்: "மை சிஸ்டர் வென்ட் டு பதுளை அண்ட் மை பிரதர் டு கண்டி." தமிழ்த் திசையிலேயே போய் "மை சிஸ்டர் டு பதுளை அண்ட் மை பிரதர் வென்ட் டு கண்டி" என்று எழுதினால் முதல் பாதி அந்தரத்தில் நிற்கும்.

நம் ஊர் மலைகளை வைத்தே பழகலாம். "பிதுருதலாகல இஸ் 2,524 மீட்டர்ஸ் ஹை அண்ட் ஆடம்ஸ் பீக் 2,243." இரண்டாம் பாதியில் 'இஸ்' இல்லை, 'மீட்டர்ஸ் ஹை' இல்லை, ஆனாலும் ஒரு சந்தேகமும் வரவில்லை. மலையின் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் எண்தான் சாட்சி. "காஃபி கேம் ஃபர்ஸ்ட் அண்ட் டீ லேட்டர்" என்பதும் இந்த வகைதான். மலைநாட்டின் இருநூறு வருடக் கதையை ஆறு சொல்லில் சொல்ல முடிகிறது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை வைப்பதற்கு முன்னால் இந்த மலைகளில் கோப்பிதான் இருந்தது.

பங்குக்கு வரும் சொல் இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். "ஷி இஸ் இன்டரஸ்டட் அண்ட் குட் அட் மேத்ஸ்" என்பதில் 'அட்' ஒன்றையே இரண்டுக்கும் கொடுத்திருக்கிறார்கள். 'இன்டரஸ்டட்' என்பதற்கு 'அட்' சேராது, 'இன்' தான் சேரும். ஆகவே "இன்டரஸ்டட் இன் அண்ட் குட் அட் மேத்ஸ்." அதே மாதிரி "ஐ ஹேவ் நாட் அண்ட் வில் நாட் சைன் திஸ் லெட்டர்" என்பதும் சரிவராது. 'ஹேவ் நாட்' என்பதற்கு 'சைன்ட்' வேண்டும், வாக்கியத்தில் இருப்பது 'சைன்'. முழுதாக உள்ளதை முன்னால் கொண்டுவாருங்கள்: "ஐ ஹேவ் நாட் சைன்ட் திஸ் லெட்டர், அண்ட் ஐ வில் நாட்." இதில் வடிவ வித்தியாசத்தை ஆங்கிலம் பொறுத்துக்கொள்கிறது. வினை ஏற்கெனவே கேட்டாகிவிட்டது, கேட்பவர் தாமே 'சைன்' என்று மாற்றிக்கொள்வார்.

மூன்றாம் படி: துணைவினையைச் சாட்சியாக நிறுத்துங்கள்

பேச்சு ஆங்கிலத்தில் இயல்பு வரவேண்டுமானால் இந்தப் படியைத்தான் அதிக நாள் பழக வேண்டும்.

"அக்காவுக்குச் சிங்களம் பேச வரும், எனக்கு வராது." தமிழில் 'வரும்', 'வராது' என்று வினையைத் திருப்பிச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் வினையை விட்டுவிட்டு அதன் முன்னால் நிற்கும் துணைவினையை மட்டும் வைக்கிறார்கள்: "மை சிஸ்டர் கேன் ஸ்பீக் சிங்களா, பட் ஐ கான்ட்." முன்னால் துணைவினை எதுவும் இல்லாவிட்டால் 'டூ', 'டஸ்', 'டிட்' மூன்றில் ஒன்று சாட்சிக்கு வரும்: "மை ஃபாதர் டிரிங்க்ஸ் பிளேன் டீ, பட் ஐ டோன்ட்." 'டிரிங்க்ஸ்' என்பது நிகழ்காலம், அதனால் 'டோன்ட்'. 'டிராங்க்' என்றிருந்தால் 'டிடன்ட்'. காலத்தையும் இந்தச் சின்னச் சொல்லே சுமக்கிறது.

கேள்விக்குப் பதில் சொல்வதும் இதே கணக்குத்தான். "சாப்பிட்டாச்சா?" என்றால் "சாப்பிட்டாச்சு" என்போம். "ஹேவ் யூ ஈட்டன்?" என்றால் "யெஸ், ஈட்டன்" என்று வராது. "யெஸ், ஐ ஹேவ்." கேள்வி எந்தச் சொல்லில் தொடங்கியதோ அந்தச் சொல்லே பதிலின் கடைசியில் வந்து நிற்கும். 'டூ யூ' என்று கேட்டால் 'ஐ டூ', 'கேன் யூ' என்று கேட்டால் 'ஐ கேன்', 'ஆர் யூ' என்று கேட்டால் சொல் மாறி 'ஐ ஆம்', 'வேர் யூ' என்று கேட்டால் 'ஐ வாஸ்'. நேர்முகப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இது: கேள்வியின் முதல் சொல்லைக் காதில் பிடித்துக்கொள்ளுங்கள், பதிலில் பாதி கைக்கு வந்துவிடும்.

சாட்சியாக நிற்கும் சொல்லைச் சுருக்கக்கூடாது. 'ஐ ஹேவ்' என்பதைப் பேச்சில் 'ஐவ்' என்று சுருக்குவார்கள், ஆனால் "யெஸ், ஐவ்" என்று முடிக்கமாட்டார்கள். "யெஸ், ஷி இஸ்" என்பதை "யெஸ், ஷிஸ்" என்று சொல்ல முடியாது. பின்னால் வரவேண்டிய சொல் இல்லாதபோது பாரம் முழுவதும் அந்தத் துணைவினை மேல் விழுகிறது, அழுத்திச் சொல்ல வேண்டும். 'ஐ ஹேவன்ட்', 'ஷி இஸன்ட்' என்ற எதிர்மறைச் சுருக்கங்களுக்கு இந்தத் தடை இல்லை.

எதிர்மறைக் கேள்வியில் நம்மவர் எல்லோருமே ஒருமுறையாவது சறுக்குவோம், நானும் சறுக்கியிருக்கிறேன். "நேத்து நீ வேலைக்குப் போகலையா?" "ஆமா, போகல." தமிழில் 'ஆமா' என்பது கேட்டவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறது. ஆங்கிலத்தில் 'யெஸ்', 'நோ' இரண்டும் பின்னால் வரும் வினையோடு ஒத்துப்போக வேண்டும். போகவில்லை என்றால் "நோ, ஐ டிடன்ட்", போனேன் என்றால் "யெஸ், ஐ டிட்". 'யெஸ், ஐ டிடன்ட்' என்று ஒன்று இல்லை. வினையை விட்டுவிட்டு வெறும் 'யெஸ்' என்று மட்டும் சொன்னால் இன்னும் குழப்பம், போனீர்களா இல்லையா என்று கேட்டவருக்குத் தெரியாது. எதிர்மறைக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லவே வேண்டாம்.

'நானும்' என்பதற்கு நண்பர்களிடையே 'மீ டூ' போதும். கொஞ்சம் மரியாதையான இடத்தில் "ஸோ டூ ஐ", "ஸோ ஆம் ஐ", "ஸோ கேன் ஐ". 'நானும் இல்லை' என்பதற்கு "நைதர் டூ ஐ". எதிரில் இருப்பவர் பயன்படுத்திய துணைவினைதான் நடுவில் வரும். அவர் "ஐ கான்ட் ஸ்விம்" என்றால் நீங்கள் "நைதர் கேன் ஐ".

ஒரு எச்சரிக்கையும் உண்டு. "மை சிஸ்டர் ஹெல்ப்ஸ் ஹர் மதர் இன் லா, அண்ட் மை கசின் டஸ் டூ." என் மச்சாள் உதவுவது யாருடைய மாமியாருக்கு? தன் மாமியாருக்கா, என் அக்காவின் மாமியாருக்கா? 'டஸ்' என்ற சாட்சி வினையைச் சொல்கிறதே தவிர மாமியாரைச் சொல்லவில்லை. 'ஹர்', 'ஹிஸ்' வரும் வாக்கியங்களை விடாமல் முழுதாக எழுதிவிடுங்கள்.

நான்காம் படி: 'டு' போகக்கூடாது

"எங்களோட வா." "வரணும்னுதான் ஆசை, ஆனா பாப்பாவைப் பாத்துக்கணும்." ஆங்கிலத்தில்: "ஐ வான்ட் டு, பட் ஐ ஹேவ் டு லுக் ஆஃப்டர் த பேபி." முதல் பாதியில் 'கம்' போய்விட்டது, 'டு' மட்டும் நிற்கிறது. அந்த 'டு' இல்லாமல் 'ஐ வான்ட்' என்று நிறுத்தினால் எதை வேண்டும் என்ற கேள்வி வரும். 'ஐட் லவ் டு', 'ஐ ஹோப் டு' என்பவையும் இப்படித்தான். 'இஃப் யூ வான்ட்', 'இஃப் யூ லைக்' மாதிரியான சில 'டு' இல்லாமலே பழகிவிட்டன. விட்ட வினை 'பி' ஆக இருந்தால் அதை விட முடியாது: "த டவுன் இஸ் நாட் ஆஸ் குவைட் ஆஸ் இட் யூஸ்ட் டு பி."

ஐந்தாம் படி: பெயர்ச்சொல்லை விடும்போது 'ஒன்'

இது நமக்கு எளிது, ஏனென்றால் தமிழிலும் இதே வேலையைச் செய்ய ஒரு எழுத்து இருக்கிறது. 'பெரிய கூடை' என்பதில் கூடையை விட்டால் 'பெரிய' என்று நிறுத்தமாட்டோம், 'பெரியது' என்போம். அந்த 'து'தான் ஆங்கிலத்தின் 'ஒன்'. "கிவ் மீ த பிக்" என்பது பிழை, "கிவ் மீ த பிக் ஒன்." பன்மைக்கு 'ஒன்ஸ்'. 'என்னுது' என்பதற்கு 'மைன்', 'அவளுது' என்பதற்கு 'ஹர்ஸ்': "மை பாஸ்கட் இஸ் ஃபுல், பட் ஹர்ஸ் இஸன்ட்." இந்தச் சின்ன வாக்கியத்தில் கூடையும் போயிற்று, 'ஃபுல்' என்பதும் போயிற்று, சாட்சி இரண்டும் சரியாக நிற்கின்றன.

எண் தனியாக நிற்கும். எத்தனை கிலோ என்று கேட்டால் "எய்ட்டீன்" போதும். 'நோ' என்பது தனியாக நிற்காது, 'நன்' ஆகும். எண்ண முடியாத பொருளுக்கு 'ஒன்' வராது என்பதையும் நினைவில் வையுங்கள். "ஐ டோன்ட் லைக் கோல்ட் மில்க், ஐ லைக் ஹாட் மில்க்" என்பதில் கடைசி 'மில்க்' இருக்கட்டும். 'ஹாட் ஒன்' என்றால் பால் எண்ணிக்கைக்கு வந்துவிடும்.

ஆறாம் படி: ஒப்பிடும்போது எதை எதோடு வைக்கிறீர்கள்?

"த க்ளைமேட் ஆஃப் நுவரெலியா இஸ் கூலர் தென் கொலம்போ." பரீட்சைத் தாளில் எத்தனையோ தடவை பார்த்திருப்பேன். நாமே தமிழில் 'நுவரெலியாவின் காலநிலை கொழும்பை விடக் குளிர்' என்றுதான் சொல்கிறோம், பேச்சில் அது போகும். எழுத்து ஆங்கிலத்தில் ஒரு ஊரின் காலநிலையை இன்னொரு ஊரின் காலநிலையோடுதான் வைக்க வேண்டும். "கூலர் தென் தட் ஆஃப் கொலம்போ" என்றோ "தென் கொலம்போஸ்" என்றோ எழுதுங்கள். இல்லையென்றால் ஊர்ப் பெயரையே எழுவாயாக்குங்கள்: "நுவரெலியா இஸ் கூலர் தென் கொலம்போ." எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி வழி, இதில் விடுவதற்கே ஒன்றும் இல்லை.

"மை ஃபாதர் ஹெல்ப்ஸ் மீ மோர் தென் மை பிரதர்" என்பதில் இரண்டு பொருள் உண்டு. தம்பி எனக்கு உதவுவதைவிட அப்பா அதிகம் உதவுகிறாரா, தம்பிக்கு உதவுவதைவிட எனக்கு அதிகம் உதவுகிறாரா? முதலாவது என்றால் "தென் மை பிரதர் டஸ்". இரண்டாவது என்றால் "தென் ஹி ஹெல்ப்ஸ் மை பிரதர்". ஒரு சொல் கூடினால் ஒரு சண்டை குறையும்.

ஏழாம் படி: 'தட்', 'ஹூ', 'விச்'

"த புக் தட் யூ கேவ் மீ இஸ் குட்" என்பதில் 'தட்' போகலாம்: "த புக் யூ கேவ் மீ இஸ் குட்." ஆனால் "த வுமன் ஹூ லிவ்ஸ் நெக்ஸ்ட் டோர் இஸ் மை ஆன்ட்" என்பதில் 'ஹூ' போகாது. சோதனை ஒன்றுதான். அந்தச் சொல்லை எடுத்த பிறகு அந்த இடத்தில் ஓர் ஆள் வந்தால் எடுக்கலாம், நேரே வினை வந்தால் எடுக்கக்கூடாது. முதல் வாக்கியத்தில் 'யூ' வருகிறது. இரண்டாவதில் 'லிவ்ஸ்' வருகிறது, எடுத்தால் ஒரே பெண்ணுக்கு இரண்டு முற்று வினை வந்துவிடும். 'ஹூ இஸ்', 'தட் வாஸ்' என்று ஜோடியாக இருந்தால் ஜோடியையே எடுக்கலாம்: "த லீவ்ஸ் ப்ளக்ட் இன் த மார்னிங்." 'தட் வேர்' அங்கே மறைந்திருக்கிறது.

"ஐ திங்க் ஹி இஸ் அட் ஹோம்" மாதிரி 'திங்க்', 'நோ', 'சே' பின்னால் 'தட்' வேண்டியதில்லை. நடுவில் ஒரு நாளோ நேரமோ வந்தால் மட்டும் வையுங்கள். "த ஆபிஸர் செட் ஆன் மண்டே த ரோட் வுட் பி க்ளோஸ்ட்." அதிகாரி திங்கட்கிழமை சொன்னாரா, திங்கட்கிழமை பாதை மூடப்படுமா? "செட் தட் ஆன் மண்டே" என்றால் பாதை மூடுவது திங்கள். "செட் ஆன் மண்டே தட்" என்றால் சொன்னது திங்கள். மண்சரிவு நேரத்தில் இப்படி ஒரு அறிவித்தலை எழுதுகிறவர் அந்த ஒரு சொல்லை மிச்சம் பிடிக்கக்கூடாது.

எட்டாம் படி: 'வைல் வெய்ட்டிங்'

"வைல் ஐ வாஸ் வெய்ட்டிங்" என்பதை "வைல் வெய்ட்டிங்" என்று சுருக்கலாம். ஆனால் அடுத்து வரும் எழுவாய்தான் காத்திருந்தவர் ஆகிவிடும். "வைல் வெய்ட்டிங் ஃபார் த பஸ், த ரெய்ன் ஸ்டார்டட்" என்றால் பஸ்ஸுக்குக் காத்திருந்தது மழை. "பஸ்ஸுக்கு நிக்கிறப்ப மழை பிடிச்சிருச்சு" என்பது தமிழில் சரி, அதை அப்படியே கொண்டுபோகாதீர்கள். "வைல் வெய்ட்டிங் ஃபார் த பஸ், ஐ காட் வெட்" என்று ஆளை முன்னுக்குக் கொண்டுவாருங்கள், அல்லது "வைல் ஐ வாஸ் வெய்ட்டிங்" என்று முழுதாகவே விடுங்கள்.

ஒன்பதாம் படி: இடம் பார்த்து விடுங்கள்

சாட்சியே இல்லாமல் விடும் இடங்களும் ஆங்கிலத்தில் உண்டு. நண்பருக்கு மெசேஜ் அனுப்பும்போது "கமிங்?", "சீன் மை அம்ப்ரெல்லா?", "ஸாரி, கான்ட் கம்" எல்லாம் சரி. எதிரில் இருப்பவருக்கு ஆள் தெரியும், நேரம் தெரியும். விண்ணப்பத்தில் "ஹோப் யூ வில் கன்ஸிடர்" என்று தொடங்கக்கூடாது, "ஐ ஹோப் யூ வில் கன்ஸிடர்" என்று முழுதாக எழுதுங்கள். படிப்பவருக்கு உங்களைத் தெரியாத அளவுக்குச் சொற்கள் கூட வேண்டும்.

பத்திரிகைத் தலைப்புக்குத் தனிச் சட்டம். "டென் இன்ஜர்ட் இன் பஸ் அக்ஸிடென்ட்" என்றால் பத்துப் பேர் யாரையோ காயப்படுத்தவில்லை, 'வேர்' மறைந்திருக்கிறது, காயப்பட்டது அந்தப் பத்துப் பேர்தான். "மினிஸ்டர் டு விசிட் ஹட்டன்" என்பதில் 'டு' என்றால் இனிமேல் வருவார் என்று பொருள். தலைப்பைப் படித்துப் பழகுங்கள், அந்த நடையில் கட்டுரை எழுதாதீர்கள்.

மூன்று புள்ளிக்கும் ஆங்கிலத்தில் எலிப்சிஸ் என்றுதான் பெயர். ஒருவர் எழுதியதை எடுத்துக்காட்டும்போது நடுவில் சில சொற்களை விட்டால் அங்கே மூன்று புள்ளி வைக்க வேண்டும். மூன்றுதான், ஏழெட்டு இல்லை. விட்டதால் பொருள் மாறக்கூடாது. "த பிரிட்ஜ் இஸ் நாட் சேஃப்" என்பதிலிருந்து 'நாட்' என்பதை எடுத்துவிட்டுப் புள்ளி வைப்பது பொய்தான். ஆபிஸ் கடிதத்தில் சொல்ல வந்ததை முடிக்காமல் புள்ளி வைத்து இழுப்பதும் வேண்டாம்.

பழகிப் பார்க்க

இந்த நான்கையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், பிறகு கீழே பாருங்கள். "எனக்குப் பிளேன்டீ பிடிக்கும், தங்கச்சிக்குப் பிடிக்காது." "அம்மா மலையிலயும் அப்பா ஸ்டோர்லயும் வேலை செய்றாங்க" ('ஸ்டோர்' என்பது தேயிலைத் தொழிற்சாலை). "போகணும்னு இருந்தேன், முடியல." "சின்னதை எடுக்காத, பெரியதை எடு."

ஐ லைக் பிளேன் டீ, பட் மை சிஸ்டர் டஸன்ட். மை மதர் வொர்க்ஸ் இன் த ஃபீல்ட் அண்ட் மை ஃபாதர் இன் த ஃபேக்டரி. ஐ வான்டட் டு கோ, பட் ஐ குடன்ட். டோன்ட் டேக் த ஸ்மால் ஒன், டேக் த பிக் ஒன்.

அந்தக் கடிதத்துக்கு வருவோம். முழுதாக எழுதிய பிறகு மகனையே சுருக்கச் சொன்னேன். 'த மேன்' இரண்டாவது தடவை வந்ததை அடித்தான். 'த ரூஃப்' வந்த ஓர் இடத்தில் 'இட்' போட்டான். "எ மேன் கேம் அண்ட் லுக்ட் அட் த ரூஃப், பட் இட் ஹேஸ் நாட் பீன் ரிப்பேர்ட் யெட்." நல்ல வரி. கடைசி வரியில் கொஞ்ச நேரம் பேனையைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு "அவர் நெய்பர்ஸ் ஹேஸ்" என்று எழுதினான். மூன்றே சொல். பக்கத்து வீட்டுக் கூரை செய்தாகிவிட்டது என்ற முழுச் செய்தியும் அதில் இருக்கிறது. கூரைக்கு 'நெய்பர்ஸ்' என்பதன் மேற்கொம்பு, அதாவது கடைசி 'எஸ்' எழுத்துக்கு முன்னால் மேலே போடும் சின்னக் குறி, சாட்சி, 'பீன் ரிப்பேர்ட்' என்பதற்கு 'ஹேஸ்' சாட்சி.

"இலக்கணப்படி சரிதானே டீச்சர்?"

"சரிதான் தம்பி. ஆனா அந்த மேற்கொம்பு மையில மங்கிப் போச்சுன்னா பக்கத்து வீட்டுக்காரங்க எதையோ வச்சிருக்காங்கன்னு ஆயிரும். ஆபிஸ் கடிதம்தானே, கூரையை மட்டும் இருக்க விடு."

'ரூஃப்' என்பதை இடையில் சேர்த்து எழுதினான்: "அவர் நெய்பர்ஸ் ரூஃப் ஹேஸ்." அம்மா தாளை வாங்கி, நனையாமல் இருக்க ஷாப்பிங் பையில் சுற்றி, படங்குக்குள் செருகிக்கொண்டார்.